படித்த நாவலை எதில் குறித்து வைப்பது: நோட்டா, எக்செலா, செயலியா?

சோழவந்தானில் இருந்த என் அத்தை, படித்த நாவல்களுக்குப் புள்ளி வைத்துக் கணக்குப் பார்த்தவர். மதுரை சிம்மக்கல் மைய நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தை முடித்ததும் 37ஆம் பக்கத்தைத் திருப்புவார். பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். 37 என்பது அவர் வீட்டுக் கதவு எண். அடுத்த முறை அலமாரியில் எதை எடுத்தாலும் முதலில் 37ஐத்தான் பார்ப்பார். புள்ளி இருந்தால் புத்தகம் பழைய இடத்துக்கே போய்விடும். "ஒரு தடவ படிச்சதயே மறுபடி தூக்கிட்டு வந்தா பஸ்ஸுக்குக் குடுத்த காசு வீணுல்லய்யா" என்பார். ரொம்பப் பிடித்த நாவலுக்கு மட்டும் இரண்டு புள்ளி. புதிதாக எதுவும் கிடைக்காத வாரத்தில் இரண்டு புள்ளிக்காரர்களில் ஒருவர் மறுபடி சோழவந்தானுக்குப் பஸ் ஏறுவார்.

அந்த முறையில் ஒரு பெரிய குறை உண்டு. கணக்கு முழுவதும் நூலகத்து அலமாரியில் இருந்தது, வீட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அத்தை போன பிறகு, அவர் என்னென்ன படித்தார் என்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் பதில் சொல்ல ஆளில்லை. பொது நூலகப் புத்தகத்தில் பென்சில் படுவதும் சரியில்லை, அதனால் இந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாசிப்புக் கணக்கு என்னென்ன வேலை செய்ய வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன். இதைப் படித்தாயா என்றால் உடனே சொல்ல வேண்டும். பிடித்ததா என்றால் அதையும் சொல்ல வேண்டும். குறித்து வைப்பது இரண்டு நிமிட வேலைக்கு மேல் போகக் கூடாது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் அண்ணன் மகள். கல்லூரியில் படிக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவாள். 2023 ஜூலையில் அது திறந்ததிலிருந்து அவள் நாவல் படிக்கும் வேகம் கூடிவிட்டது. போன மாதம் வீட்டுக்கு வந்தவள், "சித்தப்பா, படிச்சதெல்லாம் கலந்து போகுது. எதுல குறிச்சு வைக்கட்டும், நோட்டுலயா, போன்லயா?" என்று கேட்டாள். நான் 2009இலிருந்து குறித்து வைக்கிறேன். நோட்டு, எக்செல், இணையத் தளம், செயலி என்று எல்லாவற்றிலும் கைவைத்துப் பார்த்தாயிற்று. அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நோட்டில் தொடங்குகிறேன். புது மண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் அந்தப் பக்கம் வாங்கிய நீள நோட்டு என்னுடையது. கடைக்காரர்கள் வரவு செலவு எழுதுகிற மாதிரி கெட்டி அட்டை, 192 பக்கம். பக்கத்துக்கு மூன்று நாவல் என்று கோடு போட்டுப் பிரித்துக்கொண்டேன். ஆண்டுக்கு நாற்பது நாவல் என் சராசரி. 2009இல் தொடங்கிய முதல் நோட்டு 2022இல் முடிந்தது, இப்போது இரண்டாவது ஓடுகிறது. செலவு என்று பார்த்தால் இதைவிட மலிவாக ஒன்றும் கிடையாது.

முதல் நோட்டிலிருந்து ஒரு குறிப்பை அப்படியே தருகிறேன். 2012 நவம்பரில் எழுதியது. நாவல் பெயர், ஆசிரியர், பதிப்பகம், 412 பக்கம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே: "கடைசி 60 பக்கம் மெழுகுவத்தி வெளிச்சத்தில். கரண்ட் போய் நாலு மணி நேரம். அக்கா ரயிலேறும் இடத்தில் நிறுத்தியிருக்கலாம், அதற்குப் பின்னால் வரும் இரண்டு அத்தியாயம் வேண்டாம். 3." மதுரையில் அந்த ஆண்டு இருந்தவர்களுக்கு மின்வெட்டு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நான்கு வரியைப் படித்தால் எனக்கு நாவல் முழுக்கத் திரும்ப வந்துவிடுகிறது. வியர்வையில் ஊறிய அந்தப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனா சரியாக ஓடாமல் ஒரே எழுத்தை இரண்டு தரம் அழுத்தியிருப்பதுகூடத் தெரிகிறது. எக்செலில் இதே நாவல் ஒரு வரிசை, அதில் மதிப்பெண்ணாக ஒரு '3', அவ்வளவுதான்.

இன்னொன்றும் நோட்டில்தான் தெரியும். 2016இல் நான்கு மாதம் நான் எதையும் படிக்கவில்லை. அப்பா படுக்கையில் இருந்த மாதங்கள் அவை. மறுபடி எழுதத் தொடங்கியபோது ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். எக்செலில் மார்ச்சில் முடித்த நாவலுக்கு அடுத்த வரிசையிலேயே ஆகஸ்டில் முடித்த நாவல் வந்து உட்கார்ந்துவிடுகிறது, நடுவில் போன நாட்கள் கண்ணுக்குப் படுவதில்லை.

நோட்டின் பெரிய குறை, தேட முடியாதது. ஒரு ஆசிரியரின் எத்தனை நாவல் படித்திருக்கிறேன் என்று பார்க்க வேண்டுமென்றால் பதின்மூன்று ஆண்டையும் புரட்ட வேண்டும். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது ஒரு கடை முன்னால் நின்றுகொண்டு, இது நம்மிடம் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கும் நேரத்தில் நோட்டு வீட்டு அலமாரியில் இருக்கும். அப்படி இரண்டு முறை ஒரே நாவலை வாங்கி வந்திருக்கிறேன். கடைசிப் பத்துப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் வாரியாக ஒரு பட்டியல் போட்டு, எதிரே பக்க எண் குறித்தால் பாதிக் குறை தீரும். நான் அதை மூன்றாம் ஆண்டில்தான் தொடங்கினேன். முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். ராமபாணப் பூச்சிக்கு அட்டையின் பசை ரொம்பப் பிடிக்கும். நோட்டு இருக்கும் தட்டில் வசம்புத் துண்டு போட்டு வைத்திருக்கிறேன், இதுவரை ஓட்டை விழவில்லை. மைப் பேனா வேண்டாம். ஜன்னலோரம் வைத்து மழைச்சாரல் பட்டு ஒரு பக்கம் முழுக்க நீலமாகிப் போனது, அன்றோடு பால்பாயிண்டுக்கு மாறிவிட்டேன். ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கல் விடுமுறையில், அந்த ஆண்டுப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது எக்செல், அல்லது கூகுள் ஷீட். நாவல்களைத் தேட, எண்ண, வரிசைப்படுத்த இதற்கு இணை எதுவும் இல்லை. ஆசிரியர் பெயரை வடிகட்டினால் பட்டியல் வந்து நிற்கும். இந்த ஆண்டில் எத்தனை, மொழிபெயர்ப்பு எத்தனை, பெண்கள் எழுதியது எத்தனை என்று கேட்கலாம். பெண்கள் எழுதிய நாவல்களை நான் எவ்வளவு குறைவாகப் படித்திருக்கிறேன் என்பது முதல் முறை எண்ணிப் பார்த்தபோதுதான் உறைத்தது. நாற்பதில் ஐந்து. நோட்டை எத்தனை முறை புரட்டியும் அது என் கண்ணில் பட்டதில்லை. அடுத்த ஆண்டிலிருந்து நான் புத்தகம் வாங்குவதே மாறியது. எக்செல் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

ஆனால் தமிழில் எக்செல் வைத்துக்கொள்கிறவர்கள் சில விஷயங்களில் முன்கூட்டியே ஒழுங்காக இருந்துவிட வேண்டும். முதலாவது ஆசிரியர் பெயர். நாம் பேச்சில் தி.ஜா. என்போம், கி.ரா. என்போம். ஒரு நாள் 'தி.ஜா.' என்று அடித்து, இன்னொரு நாள் 'தி. ஜானகிராமன்' என்று அடித்தால் எக்செலுக்கு அவர்கள் இரண்டு பேர். புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் ஒருவர், விடாவிட்டால் இன்னொருவர். நான் முதலெழுத்தை இரண்டாவது கட்டத்தில் தனியாக வைத்துவிட்டு, பெயரை மட்டும் முதல் கட்டத்தில் முழுதாக எழுதுகிறேன். அகர வரிசையும் அப்போதுதான் ஒழுங்காக வருகிறது. இல்லாவிட்டால் 'எஸ்.' என்ற முதலெழுத்துக்காரர்கள் எல்லாம் எகரத்தில் கூட்டமாக நிற்பார்கள்.

இரண்டாவது, எழுத்து. இன்று கணினியிலும் போனிலும் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் சில மென்பொருள்களில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. வெவ்வேறு இடத்திலிருந்து தலைப்புகளை வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வரும். நாமே ஒரே விசைப்பலகையில் அடித்தால் பெரும்பாலும் வராது. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம்கூட, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் முதலில் பழைய குறியாக்கங்களில் ஏற்றிவிட்டு, பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நான் 2009க்கு முன்னால் ஒரு பட்டியலை ஏதோ ஒரு எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். இப்போது திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக நாற்பது வரி இருக்கிறது.

மூன்றாவது, ஆண்டு. இதில் தமிழ் நாவலுக்கு இரண்டு கட்டம் வேண்டும். ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணியில் 1893இலிருந்து தொடராக வந்து, 1896இல் நூலானது. எழுதியவர் இதோ இங்கே இருக்கும் வத்தலக்குண்டுக்காரர். என் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டை மட்டும் குறித்தால் அது இந்த நூற்றாண்டு நாவல் ஆகிவிடும். அதனால் 'முதலில் வந்தது' என்று ஒரு கட்டம், 'என் பிரதி' என்று ஒரு கட்டம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நாவலைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. பக்க எண்ணிக்கை ஒன்றுக்கொன்று ஒத்துவராது, எனவே எந்தப் பதிப்பகம் என்பதையும் எழுதிவிடுவது நல்லது.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அது ஒரு நாவலா, ஐந்தா? இந்தக் கேள்வியில் என் அண்ணன் மகளும் நானும் அரை மணி நேரம் வாதாடினோம். அவளுக்கு ஐந்து. பாகத்துக்குப் பாகம் இடைவெளி விட்டு, நடுவில் வேறு நாவல்களும் படித்தவள் அவள். நான் ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் முதல் பாகத்தோடு அங்கே எதுவும் முடிவதில்லை. எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதலிலேயே ஒன்றை முடிவு செய்து அதையே கடைசிவரை பின்பற்ற வேண்டும்.

சரி, இணையத் தளங்களுக்கு வருவோம். குட்ரீட்ஸ் 2007இலிருந்து இருக்கிறது, 2013இல் அமேசான் வாங்கியது. அதற்கும் முந்தியது 2005இல் தொடங்கிய லைப்ரரிதிங். 2019இல் வந்தது ஸ்டோரிகிராஃப். மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான்: நாவலைத் தேடி எடுத்து, படித்துவிட்டேன் என்று குறித்து, நட்சத்திரம் கொடுக்க வேண்டும். குட்ரீட்ஸில் நெடுங்காலமாக முழு நட்சத்திரம்தான். லைப்ரரிதிங்கில் அரையும், ஸ்டோரிகிராஃபில் காலும்கூடக் கொடுக்கலாம். பாதியில் விட்ட நாவலுக்கும் ஸ்டோரிகிராஃபில் தனி இடம் உண்டு, அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆங்கில நாவல் அதிகம் படிக்கிறவர்களுக்கு இவற்றைவிட வசதி கிடையாது. அட்டைப்படம், பக்க எண்ணிக்கை, முதலில் வந்த ஆண்டு எல்லாம் தயாராக இருக்கும், நாம் ஒரு தட்டு தட்டினால் போதும். போன் கையிலேயே இருப்பதால் புத்தகத் திருவிழாக் கூட்டத்திலும் பார்த்துக்கொள்ளலாம். இன்னொருவர் எழுதிய நல்ல மதிப்புரையைப் படித்து நாவலைத் தேடிப் போவதும் நடக்கும். அப்படிக் கிடைத்த மூன்று நாவல்கள் என் நோட்டில் உயர்ந்த மதிப்பெண்ணோடு இருக்கின்றன.

தமிழ் வாசகருக்கு இங்கே வேலை கூடிவிடுகிறது. ஒரே நாவல் தமிழ் எழுத்தில் ஒரு பதிவாகவும், ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயராக இன்னொரு பதிவாகவும், வேறு பதிப்பகத்தின் பிரதி மூன்றாவதாகவும் கிடக்கும். தன்னார்வலர்கள் இவற்றை ஒன்றாக இணைத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆனாலும் மிச்சம் நிறைய. பழைய நாவல் பலவற்றுக்கு, புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணே கிடையாது. பார்கோடை ஸ்கேன் செய்து சேர்க்கலாம் என்ற வசதி அங்கே உதவாது. மாத நாவல்களின் கதையும் அதுதான். பெரியார் பஸ் நிலையத்தில் வாங்கி, திண்டுக்கல் போவதற்குள் முடித்துவிட்ட நாவல்களை எந்தத் தளத்தில் போய்த் தேடுவது?

என்னிடம் அத்தை வீட்டிலிருந்து வந்த பைண்டிங் தொகுதிகள் நான்கு இருக்கின்றன. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைப் பக்கங்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ முதுகு போட்டு வாங்கிய தொகுதிகள். ஒன்றில் நடுவே இரண்டு வாரம் இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் போன இதழ் திரும்பி வரவில்லையாம். அந்த இடத்தில், விட்டுப்போன கதையைத் தன் கையெழுத்தில் எட்டு வரியில் எழுதிச் சேர்த்திருக்கிறார் அத்தை. இதை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். இந்தப் பிரதி எந்தப் பட்டியலிலும் வராது. என் நோட்டில் மட்டும் இருக்கிறது: "அத்தை பைண்டிங், 14, 15ஆம் வாரம் அத்தை எழுதியது."

தளங்களில் எனக்கு ஒத்துவராத இன்னொன்று, எல்லோரும் பார்ப்பது. மதுரை பெரிய ஊர்தான், ஆனாலும் நாவல் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் ஏதோ ஒரு நூல் வெளியீட்டில் நேருக்கு நேர் சந்தித்துவிடுவோம். கை குலுக்கிப் பேசிய ஒருவரின் நாவலுக்கு, நாலு பேர் பார்க்கும் இடத்தில் இரண்டு நட்சத்திரம் கொடுக்க எனக்கு மனம் வந்ததில்லை. நான்கு கொடுத்தேன். நோட்டில் அதே நாவலுக்கு 2 என்று எழுதியிருந்தேன். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு விதமாக எழுதியது எனக்கு நெருடலாக இருந்தது. அதற்குப் பிறகு பொதுவில் மதிப்பெண் போடுவதையே விட்டுவிட்டேன். பிடித்த நாவலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆண்டு இலக்கும் அப்படித்தான். வருடத் தொடக்கத்தில் ஐம்பது நாவல் என்று போட்டுவிட்டால், அக்டோபருக்கு மேல் என் கை மெலிந்த புத்தகங்களைத் தேடத் தொடங்கியது. ஆயிரம் பக்க நாவல் ஒன்று அந்த ஆண்டு முழுவதும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இலக்கு வைப்பதால் படிக்கும் பழக்கம் வரும் என்பவர்களுக்கு அது உதவட்டும். ஏற்கெனவே படிக்கிறவர்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

எந்தத் தளத்தில் வைத்தாலும் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். குட்ரீட்ஸிலும் ஸ்டோரிகிராஃபிலும் அது உண்டு, குட்ரீட்ஸ் கோப்பை ஸ்டோரிகிராஃபில் ஏற்றவும் முடியும். இறக்கிய சிஎஸ்வி கோப்பை எக்செலில் இருமுறை தட்டித் திறந்தால் தமிழ் சிதைந்து வரலாம். பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. டேட்டா பகுதியிலிருந்து உள்ளே எடுத்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கூகுள் ஷீட்டில் பெரும்பாலும் நேராகவே வந்துவிடும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சின்னதாக ஒரு செயலியில் இரண்டு ஆண்டு எழுதிவந்தேன். ஒரு நாள் அந்தச் சேவையே நின்றுபோனது, இறக்கிக்கொள்ளும் வழி அதில் இருக்கவில்லை. எண்பது நாவலின் குறிப்புகள் போயின. அந்த இரண்டு ஆண்டும் நோட்டில் பெயரும் தேதியும் மட்டும் எழுதிவந்தேன், செயலியில்தான் விரிவாக எழுதுகிறோமே என்ற நம்பிக்கையில். இன்று அந்தப் பக்கங்களைப் பார்த்தால் பாதி நாவல் எனக்கு நினைவில்லை.

வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே செய்தி அனுப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். படித்து முடித்த நிமிடத்தில் எழுத அது நல்ல இடம்தான், குரலில் பேசிக்கூட வைக்கலாம். ஆனால் மாதக் கடைசியில் அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் எழுதாவிட்டால் மளிகைப் பட்டியலுக்கு நடுவே காணாமல் போகும். பழைய நூலக அட்டை மாதிரி, நாவலுக்கு ஓர் அட்டை எழுதும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அழகான முறை, வரிசையை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். நோட்டையும் எக்செலையும் சேர்த்து வைத்த பலன் அதில் கிடைக்கிறது. பொறுமை உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம், எனக்கு அது இல்லை.

மதிப்பெண் விஷயத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன். முதலில் நூற்றுக்கு இத்தனை என்று போட்டேன். 72க்கும் 74க்கும் என்ன வேறுபாடு என்று என்னையே கேட்டபோது பதில் இல்லை. பிறகு ஐந்து நட்சத்திரம். அந்த ஆண்டு முடிவில் எண்ணினால் நாற்பத்தொன்றில் இருபத்தொன்பது நாவலுக்கு நான்கு. எல்லாமே நான்கு என்றால் எதைப் பரிந்துரைப்பது என்று எப்படித் தெரியும்? பிடிக்காததை நாம் பாதியில் விட்டுவிடுகிறோம், முடித்தது எல்லாம் ஓரளவு பிடித்ததுதான், அதனால் மதிப்பெண் மேலேயே குவிகிறது. பாதியில் விட்டதையும் எழுதி, எந்தப் பக்கத்தில் விட்டேன் என்றும் குறிக்கத் தொடங்கிய பிறகுதான் கீழ்ப்பக்கத்துக்கும் ஆள் வந்தது.

ஐந்தையே வைத்துக்கொண்டேன், ஆனால் ஒவ்வொன்றுக்கும் என் வாக்கில் பொருள் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். 1: நேரம் போனது. 2: சில பக்கம் நன்று. 3: படித்ததில் வருத்தமில்லை. 4: யார் கேட்டாலும் படிக்கச் சொல்வேன். 5: நானே திரும்பப் படிப்பேன். இது வந்தபிறகு நான்குகள் குறைந்தன. யார் கேட்டாலும் படிக்கச் சொல்வேனா என்று நினைத்துப் பார்த்தால் பல நாவல்களுக்கு இல்லை என்றுதான் மனம் சொல்கிறது.

இதோடு இன்னொரு கட்டமும் சேர்த்தேன், அதற்கு 'பிறகு' என்று பெயர். படித்து முடித்த அன்று ஒரு மதிப்பெண். ஓராண்டு கழித்து, நாவலைத் திறக்காமல், நோட்டின் வரிகளை மட்டும் பார்த்து இன்னொரு மதிப்பெண். ராத்திரி ஒன்றரை மணிவரை விழித்திருந்து முடித்துவிட்டு 5 போட்ட ஒரு கனத்த நாவலில், ஓராண்டு கழித்து எனக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவிருந்தது. அதற்கு 3 போட்டேன். எண்பது பக்கச் சின்ன நாவல் ஒன்றுக்கு அன்றைக்கு 3. அதில் கிணற்றடியில் ஒரு கிழவி வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுக்கும் இடம் வரும். ஓராண்டில் எத்தனையோ தடவை அது எனக்குள் வந்துபோயிருக்கிறது. 5 என்று மாற்றினேன், இரண்டு வாரம் முன்பு திரும்பப் படித்தும்விட்டேன். யாராவது நல்ல நாவல் சொல்லுங்கள் என்றால் இப்போதெல்லாம் நான் பார்ப்பது இரண்டாவது மதிப்பெண்ணைத்தான். இந்த இரண்டாம் கட்டத்துக்கு நோட்டிலும் எக்செலிலும் இடம் போட்டுக்கொள்வது எளிது. தளங்களில் புது நட்சத்திரம் கொடுத்தால் பழையது அழிந்துவிடும்.

ஆகவே என் தேர்வு இப்படி. முடித்த அன்றே நோட்டில் மூன்று நான்கு வரி, ஒரு மதிப்பெண். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த மாதத்து நாவல்களைக் கூகுள் ஷீட்டில் பெயர், ஆசிரியர், பதிப்பகம், தேதி, மதிப்பெண் என்று ஏற்றிவிடுவது. மூன்று நான்கு நாவல்தான், கால் மணி நேரம். கடை முன்னால் நின்று பார்க்க ஷீட் போனில் இருக்கும். ஆண்டுக்குப் பத்து நாவல் படிக்கிறவர்களுக்கு ஷீட்கூட வேண்டாம், நோட்டு போதும். ஆங்கிலத்தில் மாதம் எட்டுப் பத்து என்று படிக்கிறவர்கள் தளத்தையே முதன்மையாக வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோப்பை இறக்கிக்கொண்டால் போதும். தமிழ் அதிகம் படிக்கிறவர்களுக்குத் தளம் மட்டுமே போதாது என்பதை உறுதியாகச் சொல்வேன்.

அண்ணன் மகள் நான் சொன்னதைப் பாதி எடுத்துக்கொண்டாள். கையால் எழுதினால் தன் கையெழுத்து தனக்கே புரியாது என்கிறாள். அதனால் எல்லாம் ஷீட்டில்தான், ஆனால் 'குறிப்பு' என்ற கட்டத்தை அகலமாக வைத்து, குறைந்தது இரண்டு வரி தமிழில் அடிக்காமல் மதிப்பெண் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். 'பிறகு' கட்டமும் இருக்கிறது. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அடிக்கச் சொன்னேன், அப்போதுதான் 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று பின்னால் குழப்பம் வராது. ஒலிநூலாகக் கேட்டதையும் சேர்த்துக்கொள்கிறாள், பக்கத்தில் 'கேட்டது' என்று போடுகிறாள். பாதியில் விட்டதற்கு அவளிடம் சிவப்பு நிறம்.

இதுவரை படித்ததையெல்லாம் என்ன செய்வது என்று கேட்டாள். நானும் 2009இல் இதில்தான் மாட்டிக்கொண்டேன். பழையதை எல்லாம் தேதியோடு ஏற்றிவிட்டுத்தான் புதியதைத் தொடங்குவேன் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அவளிடம், பழையதற்குத் தனித் தாள் போடு, நினைவில் வரும் பெயரை மட்டும் எழுது, தேதி வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம், திரும்பப் படிக்க வேண்டும் என்று தோன்றினால் மட்டும் ஒரு குறி வை என்றேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலத்தில் அறுபத்திரண்டு பெயர் எழுதினாள். குறி வைப்பதற்கு என்ன போடட்டும் என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் பெயர்களுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தாள்.